துணி ஒரு வண்டியில், கம்பி ஒரு வண்டியில்

ஆகஸ்ட் 27, புதன். நெஹேலம் விரிகுடா முகாம். மழை இல்லை, மூடுபனி. இன்றைய தவறு: கூடாரக் கம்பிகளைக் கேட்டு வாங்க மறந்துவிட்டேன்.

எழுதி முடித்த மாரென் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். 'வாங்க மறந்துவிட்டேன்' என்பதை அடித்துவிட்டு 'வாங்கவில்லை' என்று மேலே எழுதினாள். அதுவும் முழுக்கச் சரியில்லை என்று தோன்றியது. பெல்லிங்ஹாமில் பகலில் பல் மருத்துவரிடம் வேலை, செவ்வாய்க்கிழமை மாலைகளில் எழுத்து வகுப்பு என்று இருந்தவள் அவள். தினமும் செய்த ஒரு தவறையும் மறுநாள் செய்யவேண்டிய வேலையையும் எழுதுங்கள், மற்றது தானே வந்து சேரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றது இன்னும் வந்து சேரவில்லை. தவறும் வேலையும் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

எதிரே புல்தரையில் கூடாரத் துணி கிடந்தது. கம்பி இல்லாத கூடாரத்தைப் பார்த்தால் யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன மழைக்கோட்டு போலத்தான் இருக்கும். நான்கு மூலையிலும் முளை அடித்து இழுத்துப் பார்த்திருந்தாள். துணி தரையோடு தரையாக விறைத்துக்கொண்டு படுத்திருந்தது.

நெடுந்தூரம் சைக்கிளில் போகும் ஜோடிகள் எல்லாரும் செய்கிற வேலைதான். பாரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். துணி அவள் வண்டியில், கம்பிகள் ஹாலிஸின் வண்டியில். அடுப்பு அவளிடம், கேஸ் டப்பா அவனிடம். அவனுடைய பின்சக்கரத்துக்கான மாற்று ஸ்போக்குக் கம்பிகள்கூட அவள் வண்டிச் சட்டத்தில்தான் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. அவன் சட்டத்தில் தண்ணீர்ப் புட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் அந்த ஏற்பாடு. ஜூன் மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியபோது, பாரம் சமமாக இருக்கிறதா என்று இரண்டு வண்டிகளையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். பிரிந்தால் இருவராலும் தனியாகச் சமைக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

காலையில் ஆர்ச் கேப் குகைப்பாதையின் வாயில் நின்றிருந்தார்கள். உள்ளே நுழைவதற்கு முன் சைக்கிள்காரர்கள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் மேலே மஞ்சள் விளக்கு மின்னும். உள்ளே சைக்கிள் போகிறது என்று கார்க்காரர்களுக்குத் தெரியும். ஹாலிஸ் பொத்தான்மேல் விரலை வைத்தான். அழுத்தவில்லை.

"சான்ஃப்ரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்," என்றான்.

"என்னத்த?"

"அங்கேர்ந்து நான் உன்கூடத் திரும்பி வரல, மாரென்."

பயணச்சீட்டைப் பற்றிப் பேசுகிறான் என்று அவள் நினைத்தாள். "ரயில் வேண்டாங்கறியா? பஸ்ல சைக்கிள ஏத்த விடமாட்டாங்க, விசாரிச்சாச்சு."

"அதில்ல."

மரம் ஏற்றிய லாரி ஒன்று அவர்களை உரசிக்கொண்டு குகைக்குள் போயிற்று. சத்தம் அடங்குவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேற யாராச்சுமா?"

"யாரும் இல்ல. இருந்திருந்தா சொல்றது சுலபமா இருந்திருக்கும்."

"எப்பலேர்ந்து?"

"தெரியல. வீட்டக் காலி பண்ணப்பவே இருந்துச்சுன்னு நெனைக்கறேன்."

"அப்புறம் எதுக்குடா என்கூட இத்தன மலை ஏறி எறங்குன? அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"ரெண்டு பேரும் ஆசப்பட்ட பயணம். நல்லபடியா முடிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"முடிக்கறதுன்னா இங்கயே முடி. போ. என் கண்ணு முன்னால நிக்காத."

ஹாலிஸ் வெகுநேரம் நின்றான். பிறகு பொத்தானை அழுத்தினான். விளக்கு மின்னத் தொடங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவன் உள்ளே போனான். கம்பிகள் இருந்த நீளமான சிவப்புப் பை அவன் கேரியரின் மேல் குறுக்காகக் கட்டியிருந்தது. குகைக்குள் அந்தச் சிவப்பு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் குகையே திருப்பிச் சொல்லியிருக்கும். கம்பி, ஹாலிஸ், கம்பியக் குடுத்துட்டுப் போ. அந்த வார்த்தைகள் அவள் நாக்கு நுனியில் இருந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மெதுவாகப் போகிறவன்கூட மறுபக்கம் போய்ச் சேரும் அளவுக்கு விளக்கு மின்னியது. பிறகு அணைந்தது. அவள் தனக்காக மறுபடி ஒருமுறை அழுத்தினாள்.

அதனால்தான் 'மறந்துவிட்டேன்' என்று எழுதியது சரியாகப் படவில்லை. துணி இல்லாமல் அவன் எங்கே படுப்பான்? கம்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அடுத்த முகாமில் மரமேசைமேல் பையைப் போட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பையை வாங்கும்போது ஏதாவது ஒரு பேச்சு வரும். ஒரு பேச்சு வந்தால் இன்னொரு பேச்சு வரும். நெஹேலத்துக்கு முந்தைய பெரிய மேட்டை அவள் அந்த நினைப்பில்தான் ஏறினாள். வலப்பக்கம் கடல் எங்கோ கீழே பனிக்குள் இரைந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முகாமில் ஹாலிஸ் இல்லை. கைபேசியில் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

சைக்கிளில் வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய புல்தரையில் இன்னொரு ஜோடிதான் இருந்தது. ஐடஹோவிலிருந்து வந்த வெர்னாவும் ராஸ்கோவும். இருவரும் ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற நீண்ட சைக்கிள் அவர்களுடையது. வெர்னா பின் இருக்கை.

"இருபத்தெட்டு வருஷமா இந்த ஆளு முதுகத்தான் பாத்துட்டு வர்றேன்," என்றாள் வெர்னா, அறிமுகம் செய்துகொண்ட கையோடு. "கடல் எப்படி இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா சட்டக் கலரத்தான் சொல்லுவேன்."

"மிதிக்கறது நான், பேசறது அவ," என்றார் ராஸ்கோ. "வேலைய ஞாயமாப் பிரிச்சிருக்கோம்."

வெர்னாவின் கண் புல்தரையில் கிடந்த துணிக்குப் போயிற்று. "கம்பி எங்கம்மா?"

"முன்னால போயிருக்கு."

"தானா போச்சா, யாராச்சும் ஓட்டிட்டுப் போனாங்களா?"

மாரென் குனிந்து ஒரு முளையை இழுத்துப் பார்த்தாள். வெர்னா மேற்கொண்டு கேட்கவில்லை. ராஸ்கோ தன்னிடம் உதிரியாக ஒரு தார்ப்பாய் இருப்பதாகவும் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினால் அரண்மனை மாதிரி இருக்கும் என்றும் சொன்னார்.

"பரவால்ல. வந்துருவான்," என்றாள் மாரென்.

இருட்டும்வரை வரவில்லை. மரமேசைமேல் கூடாரத் துணியைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்து, அதற்கடியில் படுத்தாள்.

மறுநாள் அவள் மெதுவாகத்தான் மிதித்தாள். முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகமாக மிதிக்க வேண்டும் என்பது தெரியாதவள் இல்லை. ஆனால் அவன் வழியில் எங்காவது நின்றிருந்தால், வேகத்தில் கடந்துபோய்விடுவோமோ என்று பயம். ஒவ்வொரு கடைவாசலிலும் சாய்ந்து நிற்கும் சைக்கிளைப் பார்த்தாள். சாலை, காட்டுக்குள் நுழைந்து விரிகுடாவின் ஓரமாக வெளியே வந்து மறுபடி காட்டுக்குள் போயிற்று. ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களில் பாசி தாடி தாடியாகத் தொங்கியது. இந்த மாதிரி ஒரு காட்டில்தான், வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தபோது, மடித்து வைத்திருந்த கூடாரக் கம்பிமேல் அவள் தெரியாமல் உட்கார்ந்து ஒன்றை விரிசல் விடச் செய்தாள். அன்றிலிருந்து கூடாரம் ஒரு பக்கம் தோள் இறங்கி நின்றது. நடு இரவில் துணி அவள் மூக்கில் வந்து படும்.

"சரி பண்ணித் தாயேன்," என்று அவள் கேட்காத நாள் இல்லை.

"பண்றேன், நாளைக்கு."

"நீ பண்ண மாட்ட. உன்னப் பத்தித் தெரியாதா?"

அவனைப் பற்றி அவளுக்குத் தெரியும். பெல்லிங்ஹாம் வீட்டில் சமையலறைக் குழாய் இரண்டு வருடம் சொட்டியது. அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டாள். காலி செய்கிற அன்று காலையில், எல்லாப் பெட்டியும் வாசலுக்குப் போனபிறகு, ஹாலிஸ் ஸ்பேனரோடு தொட்டிக்கடியில் படுத்திருந்தான்.

"ரெண்டு வருஷமா சொட்டினப்ப உனக்குக் காது கேக்கலையா?" என்று அவள் கேட்டாள். "கெளம்பற அன்னிக்குத்தான் ஸ்பேனரத் தூக்குவியா?"

"அடுத்து வர்றவங்களாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்."

"அப்ப உன்கிட்ட ஒரு வேல ஆகணும்னா உன்ன ஊரவிட்டே தொரத்தணும்."

தொட்டிக்கடியிலிருந்து அவன் சிரித்தது எதிரொலித்தது. அவளும் சிரித்தாள். குழாய் அதற்குப் பிறகு ஒரு சொட்டும் விடவில்லை. அந்த வீட்டில் அவர்களுக்கு அப்போது மிச்சமிருந்தது அரைமணி நேரம்.

டில்லமூக்கில் மழை பிடித்துக்கொண்டது. கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தோட்டச் செடிகளுக்கு முட்டுக்கொடுக்கும் மெல்லிய ஃபைபர் கம்பிகள் கட்டுக்கட்டாக நின்றன. அறுத்து வளைத்தால் கூடாரத்துக்குப் போதும். கயிறும் இருந்தது. மாரென் சைக்கிளில் இருந்து இறங்கி நனைந்துகொண்டே அவற்றைப் பார்த்தாள். கம்பி வாங்கிவிட்டால் அவன் வந்து பார்ப்பதற்கு என்ன காரணம் மிச்சம்? கடைக்காரர் உள்ளிருந்து கையசைத்து வரச் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அன்று மாலை கேப் லுக்அவுட் முகாமில் எழுதினாள்:

ஆகஸ்ட் 28, வியாழன். மழை. இன்றைய தவறு: கடைக்குள் போகவில்லை. நாளை: ஓய்வு நாள்.

கேப் லுக்அவுட்டில் ஒரு நாள் தங்குவது என்று கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். வரைபடத்தில் ஹாலிஸ்தான் அங்கே பென்சிலால் வட்டம் போட்டான். ஆகவே அவள் எங்கே இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அதை நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவன் முந்தின இரவே இங்கே வந்து, காலையில் தெற்கே போய்விட்டதாகப் பூங்காக் காவலர் சொன்னார். சிவப்புப் பையா? ஆமாம், சிவப்புப் பை. கழிவறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் உறங்கும் பையை விரித்துப் படுத்திருந்தாராம். பாவம், கூடாரம் இல்லை போல, என்றார் காவலர்.

வெர்னாவும் ராஸ்கோவும் நனைந்த கோழிகளாக வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அவர்களும் தங்கப்போவதாக வெர்னா அறிவித்தாள். "ராஸ்கோவுக்கு முட்டிவலி."

"எனக்கா?" என்றார் ராஸ்கோ.

"உனக்குத்தான்யா. உனக்குத் தெரியாது."

ராஸ்கோ ஒருமுறை மாரெனைப் பார்த்தார். பிறகு வலது முட்டியைத் தடவிக்கொண்டு, "ஆமா, இப்பத்தான் வலிக்குது," என்றார்.

தங்கள் தார்ப்பாயைக் கட்டி, அதற்கடியில் அவளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். கேட்டால் மறுப்பாள் என்று கேட்காமலே செய்தார்கள். அவளிடம் அடுப்பு இருந்தது, கேஸ் இல்லை. வெர்னாவின் அடுப்பில் பீன்ஸ் சூப் கொதித்தது. மாரென் தன் கிண்ணத்தை நீட்டினாள். சூடு தொண்டையில் இறங்கியபோதுதான், முந்தின நாள் காலையிலிருந்து வெந்நீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெர்னா மிளகுப்பொடி அதிகம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. பனி மட்டும் மரங்களுக்கிடையே நின்றது. மாரென் சாலையோரமாக ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்னா தேநீரோடு வந்து நின்றாள். "எல்லாரும் வடக்கேர்ந்துதான வருவாங்க. நீ தெக்க பாக்கற."

"முன்னால போனவன் திரும்பி வரணும்னா அந்தப் பக்கமாத்தான வரணும்."

"அந்த மேட்டையும் ஏறணும். எதிர்காத்து வேற."

"வருவான்."

"நான் வர மாட்டான்னா சொன்னேன்? எவ்வளவு கஷ்டம்னுதான் சொன்னேன்." வெர்னா தேநீரை அவள் கையில் கொடுத்தாள். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க."

"உனக்கு வேண்டியது கம்பியா, ஆளா?"

மாரென் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். "கம்பி வந்தா ஆளும் வருவான்."

இந்தக் கரையில் கோடை முழுக்கக் காற்று வடக்கிலிருந்துதான் அடிக்கும். அதனால் சைக்கிள்காரர்கள் எல்லாரும் தெற்கு நோக்கித்தான் போவார்கள். தெற்கிலிருந்து ஒருவன் வருகிறான் என்றால் அவன் ஒன்று முட்டாள், இல்லையென்றால் அவனுக்கு வடக்கே யாரோ இருக்கிறார்கள். காலையிலிருந்து அந்தப் பக்கமிருந்து இரண்டு கார்களும் ஒரு பால் லாரியும் வந்தன. மதியத்துக்குப் பிறகு, இறக்கத்தின் வளைவில், பனிக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. தலை குனிந்திருந்தது. ஆள் தெரியவில்லை. பின்னால் கேரியர்மேல் குறுக்காக ஒரு நீளமான சிவப்புப் பை.

மாரென் எழுந்துவிட்டாள். கோப்பை புல்லில் விழுந்தது. என்ன சொல்வது என்று இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்தது. முதலில் திட்ட வேண்டும் என்று இருந்தாள். இப்போது திட்ட வேண்டாம் என்று தோன்றியது. சாப்பிட்டாயா என்று கேட்கலாம். தாழ்வாரத்தில் குளிரியிருக்கும்.

சைக்கிள் பக்கத்தில் வந்தது. தலை நிமிர்ந்தது. அறுபது வயதுக்குமேல் இருக்கும் ஒரு மனிதர். நரைத்த மீசையில் பனி கோத்திருந்தது.

"மஞ்சப் பை," என்றார் அவர், மரத்தில் சாய்ந்திருந்த அவள் வண்டியின் இருபுறமும் தொங்கிய மஞ்சள் பைகளைப் பார்த்து. ஒரு காலைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்கினார். "மஞ்சப் பைக்காரப் பொண்ணு. மாரென் நீதானம்மா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்லவேள. இல்லன்னா இத அஸ்டோரியா வரைக்கும் சொமந்திருக்கணும்." அவர் பெயர் ஓரின். பாண்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தங்கையைப் பார்க்க வடக்கே போய்க்கொண்டிருந்தார். "ஊரு ஒலகமே காத்தோட போகுது, நான் ஒருத்தன் காத்து மூஞ்சில முட்டிக்கிட்டு வர்றேன். தங்கச்சிய தெக்க கட்டிக் குடுத்திருக்கணும், எங்கப்பா புத்தி அவ்வளவுதான்." அவர் பையின் கயிறுகளை அவிழ்த்தார். "இந்தா. பத்திரமாக் குடுத்துருங்கன்னான்."

வெர்னா வந்து மாரெனுக்குப் பக்கத்தில் நின்றாள். ராஸ்கோ தள்ளி நின்றார்.

"எங்க பாத்தீங்க அவன?" என்று மாரென் கேட்டாள்.

"பசிபிக் சிட்டில, இன்னிக்குக் காலைல. கடை வாசல்ல பெஞ்சுல ஒக்காந்து இந்தக் கம்பியோட மல்லுக்கட்டிட்டு இருந்தான். நான் வடக்க போறேன்னு தெரிஞ்சதும், கேப் லுக்அவுட்ல ஒரு பொண்ணு இருப்பா, அவகிட்ட சேத்துடறீங்களான்னான். சரி குடுன்னேன். வேல முடியல, கொஞ்சம் இருங்கன்னான். கொஞ்சமாவது ஒண்ணாவது, ஒரு முழு அப்பத்தச் சாப்பிட்டு முடிச்சேன். பெரிப் பழம் போட்டது. அவன்தான் வாங்கிக் குடுத்தான்."

"இங்க இருப்பேன்னு சொன்னானா?"

"வெள்ளிக்கெழம அங்கதான் இருப்பா, ஓய்வு நாள்னான். சத்தியம் பண்ணாத கொறதான்."

"வேற?"

ஓரின் மீசையைத் துடைத்தார். "நானே கேட்டேன்மா. சொமக்கறதுதான் சொமக்கறேன், ரெண்டு வரி எழுதிக் குடேன், அதுல என்ன எடை வந்துரப் போகுதுன்னேன். கொஞ்ச நேரம் கடலப் பாத்தான். வேண்டாங்க, கம்பி போதும்னான்."

மாரென் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரின் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக எண்ணினாரோ என்னவோ, "நல்ல பையனாத்தான் தெரிஞ்சான்," என்றார்.

"நல்லவன்தான்," என்றாள் மாரென்.

பையைப் பிரித்தாள். மேலே கேஸ் டப்பா இருந்தது. ஆட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. அதன் கீழே கம்பிகள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உதறினாள். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பட்பட்டென்று ஏறிப் பொருந்தின. உள்ளே ஓடும் ரப்பர் கயிறு புதியது. தளர்ந்துபோயிருந்த பழைய கயிற்றை எடுத்துவிட்டிருந்தான். விரிசல் விட்ட துண்டின்மேல் அளவாக ஒரு உலோகக் குழாய் ஏற்றி, இரு முனையிலும் டேப் சுற்றியிருந்தான். டேப்பின் ஓரம் ஒரு நூல்கூட விலகவில்லை. அவள் விரலால் அந்த இடத்தைத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. குழாயின் ஓரங்களை அரத்தால் தேய்த்திருக்கிறான், துணி கிழியாமல் இருக்க.

அவள் மரத்துண்டின்மேல் உட்கார்ந்தாள். கம்பி மடியில் கிடந்தது. சத்தம் வராமல் அழ வேண்டும் என்று பார்த்தாள், முடியவில்லை. வெர்னா அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ராஸ்கோ ஓரினிடம் எதிர்காற்றைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே அவரைக் குழாயடிப் பக்கம் அழைத்துப் போனார்.

வெகுநேரம் கழித்து வெர்னா மெதுவாகச் சொன்னாள். "பசிபிக் சிட்டி பக்கத்துலதான இருக்கு. இப்பக் கெளம்புனாகூடப் புடிச்சுரலாம். ராஸ்கோ முட்டி சரியாயிடும். நாங்களும் வர்றோம்."

மாரென் கம்பியைத் தூக்கிக் காட்டினாள். "பாத்தீங்களா, சரி பண்ணியிருக்கான்."

"நல்லாப் பண்ணியிருக்கான். அதுக்கென்ன இப்ப?"

"ஒரு மாசமாக் கேட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அவன் கெளம்பற அன்னிக்குத்தான் எதையும் சரி பண்ணுவான்."

வெர்னா கீழே கிடந்த கோப்பையை எடுத்துப் புல்லில் துடைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் கூடாரத்தை எழுப்பிவிட வேண்டும் என்று மாரென் எழுந்தாள். உதவிக்கு வந்த ராஸ்கோவை வெர்னா கண்ணாலேயே நிறுத்தினாள். எப்போதும் இருவர் செய்த வேலை அது. ஒருவர் கம்பியை வளைத்துப் பிடிக்க, மற்றவர் எதிர்மூலையில் முனையைச் செருகுவார். மாரென் ஒரு முனையைச் செருகிவிட்டுச் சுற்றி ஓடினாள். அதற்குள் அது கழன்றுகொண்டது. மறுபடி செருகினாள். முனை நழுவாமல் துணியின்மேல் ஒரு பக்கப் பையைத் தூக்கி வைத்தாள். இந்த முறை நின்றது. இரண்டாவது கம்பியும் ஏறியது. கூடாரம் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் நிமிர்ந்து நின்றது. வாஷிங்டன் காட்டுக்குப் பிறகு முதல்முறையாகத் தோள் இறங்காமல் நின்றது. பக்கத்துத் தரையிலிருந்து ஓரின், "அடேங்கப்பா, புதுசு மாதிரி இருக்கே," என்றார்.

உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தாள். துணி மூக்கில் படவில்லை. கையை நீட்டினால் மறுபக்கத்துச் சுவர் வெகுதூரத்தில் இருந்தது.

வெளியே வந்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தபோதுதான் அந்த ஸ்போக்குகள் கண்ணில் பட்டன. சட்டத்தின் அடிக்குழாயில் கறுப்பு டேப்புக்குள் நான்கு கம்பிகள். அவன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். இதைக் கேட்க மறந்துவிட்டான். மறந்தானா, கேட்கவில்லையா என்று ஒரு கணம் அவள் மனசு ஓடியது. அந்தக் கணத்தில் எல்லாம் திரும்ப ஆரம்பித்தது: இதை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், யாராவது போய்த்தானே ஆக வேண்டும், பின்சக்கரத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை ஸ்போக்கு உடைந்துபோயிருக்கிறது, தெற்கே மலைகளில் ஒன்று உடைந்தால் அந்த நீளத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

டேப்பை நகத்தால் உரித்தாள். பசை கையில் ஒட்டியது. ஸ்போக்குகளை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குப் போனாள்.

"நாளைக்கு எப்ப கெளம்பறீங்க?"

"விடிஞ்சதும்," என்றார் ராஸ்கோ. "என் முட்டி எப்படி இருக்குன்னு அவதான் சொல்லணும்."

"நல்லாயிருக்கு," என்றாள் வெர்னா.

"நீங்க வேகமாப் போவீங்க. அவன வழில பாப்பீங்க. பச்ச வண்டி. இத அவன்கிட்டக் குடுக்கணும்."

வெர்னா அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள், வாங்கவில்லை. "குடுத்துட்டு என்னம்மா சொல்லட்டும்?"

மாரெனுக்கு இரண்டு நாளாகச் சேர்த்து வைத்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். எதை முதலில் சொன்னாலும் அடுத்தது பொய்யாகிவிடும் போல இருந்தது.

"பின் சக்கரம்," என்றாள். "வலது பக்கம். இடது பக்கத்துக்கு நீளம் சேராது. அவனுக்கு அது எப்பவும் மறந்துரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"காலைல குடு," என்றாள் வெர்னா. "இன்னிக்கு ராத்திரி உன்கிட்டயே இருக்கட்டும். விடிஞ்சும் இதே நெனப்பா இருந்தா குடு."

கேஸ் டப்பாவை அடுப்பில் திருகி, அவள் தனக்கென்று கொஞ்சம் வெந்நீர் வைத்தாள். கொதிக்கும்வரை மரமேசையில் உட்கார்ந்து எழுதினாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி. கேப் லுக்அவுட். பனி, மழை இல்லை. இன்றைய தவறு: சிவப்புப் பையைப் பார்த்ததும் எழுந்து நின்றேன்.

நாளை: கிளம்புவதற்கு முன் ஸ்போக்குகளை வெர்னாவிடம் கொடுக்க வேண்டும். கூடாரத்தைக் காயவைக்க வேண்டும். துணியையும் கம்பிகளையும் ஒரே பையில் வைத்துக் கட்ட வேண்டும்.